புதுச்சேரியிலிருந்து கடலூர்: நண்பர்களோடு போகும் முதல் சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

நாலைந்து நண்பர்கள் சேர்ந்தால், "ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிள்லயே கடலூர் போயிட்டு வரலாமா?" என்ற பேச்சு புதுச்சேரியில் எப்படியும் வந்துவிடும். பெரிய மேடு பள்ளம் இல்லாத சாலை, போய்ச் சேர ஒரு கடற்கரை, நடுவில் ஆற்றுப் பாலங்கள். முதல் பயணத்துக்கு நல்ல வழிதான். ஆனால் இப்படிக் கிளம்புகிற குழுவில் யாராவது ஒருவர் பாதி வழியில் துவண்டுபோய், சைக்கிளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு திரும்புவதும், அதற்குப் பிறகு சைக்கிள் பக்கமே போகாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவருக்குத் தெம்பு போதவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் கோளாறு திட்டத்தில்தான் இருக்கும். வேகமாக ஓட்டுபவரை மனதில் வைத்துத் தூரத்தையும் நேரத்தையும் முடிவு செய்திருப்பார்கள். முதல் பயணத்தைக் குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவரை வைத்துத் திட்டமிட வேண்டும். கீழே வருகிற யோசனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவைதான்.

ஆட்களைச் சேர்ப்பது

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால், இந்தச் சாலையில் பேருந்து உங்களைத் தாண்ட முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வரும். பதற்றத்தில் யாராவது மண்ணில் இறங்கி விழுவார்கள். பத்துப் பேர் வருவதாக இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

வருகிறேன் என்பவரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: போன இரண்டு வாரத்தில் ஒரே மூச்சில் 10 கி.மீ. ஓட்டினாரா? இல்லை என்றால், பயணம் தொடங்கும் மரப்பாலத்திலிருந்து சுண்ணாம்பாறு படகுக் குழாம் வரை போய்த் திரும்பட்டும். ஏறக்குறைய அதே தூரம்தான். பயணம் போகப்போகும் அதே சாலை என்பதால் பேருந்துகளின் போக்கும் பழகிவிடும். வாரத்துக்கு இரண்டு காலை இப்படிப் போனால் போதும். புதிதாக ஓட்டுபவருக்குக் காலை விட முதலில் வலிப்பது உட்காரும் இடம்தான். அது பழகச் சில நாள் பிடிக்கும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். சர்க்கரை உள்ளவர் பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், அது இருப்பது பக்கத்தில் ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது இரண்டு பொறுப்புகள். முன்னால் போய் வேகத்தைப் பிடித்து வைப்பவர் லீட். எல்லோருக்கும் பின்னால் வருபவர் ஸ்வீப். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. குழுவிலேயே கைதேர்ந்தவரை முன்னால் விடுவதுதான் வழக்கம். நான் அவரைக் கடைசியில் விடச் சொல்வேன். பஞ்சர் ஆனவரும், மூச்சு வாங்குபவரும், செயின் கழன்றவரும் தானாகப் பின்னால்தான் வந்து சேர்வார்கள். உதவி தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும், கருவிப் பையோடு. லீடாக நிதானமான ஒருவர் போதும். குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவரை லீடுக்கு நேர் பின்னால், இரண்டாவது ஆளாக விடுங்கள். லீட் அவரோடு பேசிக்கொண்டே ஓட்டட்டும். அவரால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் உடனே குறைக்க வேண்டும். வேகத்தைக் காட்டும் மீட்டர் எதுவும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை இந்தப் பக்கம் சைக்கிளுக்கு நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் வந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு போவதாக இருந்தால், முந்தின வாரம் யாராவது ஒருவர் பைக்கில் ஒரு நடை போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. குழி எங்கே, ஓரத்தில் மணல் எங்கே சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் பயணத்தில் பாதிப் பயம் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் போயே ஆக வேண்டும் என்றால் எட்டரைக்குள் வீடு திரும்புகிற தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணம் இருட்டில் வேண்டாம். ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரை வாக்கில்தான் எழும். மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே வந்துவிடும். விடிய இருக்கும் அந்த மங்கிய வெளிச்சத்தில் கூடி, வெளுத்ததும் கிளம்புங்கள். தை, மாசியில் வயலோரம் பனி மூட்டம் இருக்கும். விடிந்துவிட்டது என்று பின்பக்கச் சிவப்பு விளக்கை அணைக்க வேண்டாம்.

நாள் குறிக்கும்போது நாள்காட்டியையும் பாருங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். சாலை முழுக்கக் கூட்டம். ஆடியில் வீராம்பட்டினம் தேர் நாளில் அரியாங்குப்பம் பக்கம் நகர முடியாது. தொடர் விடுமுறை வந்தால் வெளியூர்க் கார்கள் புதுச்சேரியை நிறைத்துவிடும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைதான் சரி.

வழி

மரப்பாலம் சந்திப்பில் கூடலாம். நகரத்துக்குள்ளிருந்து கடலூர் சாலை வழியாக வருபவர்கள் ஏ.எஃப்.டி. மில் அருகே ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். மெல்லிய டயர் தண்டவாளத்தின் பள்ளத்தில் சாய்வாக இறங்கினால் சைக்கிள் அப்படியே சாய்ந்துவிடும். தண்டவாளத்துக்கு நேர்குத்தாக, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். தண்டவாளம் ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறையும் இல்லை.

மரப்பாலத்திலிருந்து முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில். முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடிகிறது. பிறகு பெரியகங்கணாங்குப்பம், தென்பெண்ணைப் பாலம், ஆல்பேட்டை, மஞ்சக்குப்பம். அங்கிருந்து கிழக்கே திரும்பி, பெரியார் கலைக் கல்லூரியைத் தாண்டினால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். போக 21, 22 கி.மீ., போய்வர 45-க்குள் அடங்கிவிடும். மணிக்கு 15 கி.மீ. என்ற நிதானத்தில், நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் கடலைப் பார்த்துவிடலாம்.

கிருமாம்பாக்கத்தை முடிவெடுக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லோரும் இறங்கி நின்று, மெதுவாக ஓட்டுபவரிடம் கேட்க வேண்டும். அவர் முகம் தெளிவாக இருந்தால் கடலூர். இல்லை என்றால் மேற்கே திரும்பி பாகூர். இன்னும் நாலைந்து கி.மீ.தான், மொத்தம் போய்வர முப்பதுக்குள் முடிந்துவிடும். இதை அரைகுறைப் பயணம் என்று நினைக்க வேண்டாம். பேருந்து இரைச்சல் குறைந்து, இரண்டு பக்கமும் வயலோடு போகிற சாலை. பாகூர் ஏரியும், சோழர் காலத்து மூலநாதர் கோயிலும் பார்க்கக் கிடைக்கும். நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இந்த ஊரில் இருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால், குழுவில் இரண்டு பேருக்கு மேல் புதியவர்கள் இருந்தால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பாகூர் என்று முடிவு செய்துவிடுவேன்.

கடலூர் போனால் மஞ்சக்குப்பத்தைத் தாண்டித் தெற்கே சிதம்பரம் சாலையில் போகும் ஆசை முதல் பயணத்தில் வேண்டாம். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கனரக லாரிகள் அதிகம்.

சைக்கிளைத் தயார் செய்வது

விலை உயர்ந்த ரோடு பைக் வேண்டும் என்பதில்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலும் இந்தத் தூரம் போகலாம், பிரேக்கும் பேரிங்கும் சரியாக இருந்தால். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பக்கத்துக் கடையில் கொடுத்து வீல் பெண்டு எடுத்து, பிரேக் கட்டையும் கேபிளும் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வாங்கிவிடுங்கள். முந்தின நாள் மாலை கொடுத்து வாங்கி அப்படியே கிளம்பக் கூடாது. மாற்றிய கேபிள் ஒன்றிரண்டு நாள் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும், மறுபடி முறுக்க வேண்டிவரும்.

சீட்டின் உயரம் முக்கியம். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு அதுதான் காரணம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதம் பெடலில் இருப்பதால் முழங்கால் லேசாக மடங்கும், அந்த அளவு சரி. நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுதாகப் படாது. சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

காற்று விஷயத்தில் ஊகம் உதவாது. 28 மி.மீ. டயருக்கு 70 கிலோ எடையுள்ளவர் என்றால் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போதும், 35, 40 மி.மீ. ஹைப்ரிட் டயருக்கு 50-ஐ ஒட்டி. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. வால்வையும் பாருங்கள். ரோடு பைக்குகளில் வருகிற மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு வழியோரப் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம். பழைய சைக்கிள்களின் வால்வு இன்னொரு வகை. அது சைக்கிள் கடைக் கையடி பம்புக்குச் சரியாக இருக்கும்.

ஹெல்மெட் இல்லாதவர் வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நட்புக்காக இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், பின்னந்தலைக்குச் சரிந்திருந்தால் பயனில்லை. துப்பட்டா, தொளதொள பேன்ட், தொங்கும் ஷூ கயிறு மூன்றும் செயினுக்கும் ஸ்போக்குக்கும் இரையாகும். டிராக் பேன்டும் உடம்பை ஒட்டிய பனியனும் போதும். ஜீன்ஸின் தையல் 10 கி.மீ.க்குள் தொடையைப் புண்ணாக்கிவிடும்.

முந்தின நாள்

வாட்ஸ்அப்பில் பேச்சு எவ்வளவு நீண்டாலும், சனிக்கிழமை மாலை ஒரே செய்தியில் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். இப்படி:

"நாளை காலை 6.00 மணிக்கு மரப்பாலம். 6.20-க்குக் கிளம்புகிறோம், தாமதமாக வருபவர் சுண்ணாம்பாற்றில் சேரலாம். கிருமாம்பாக்கத்தில் நின்று, கடலூரா பாகூரா என்று முடிவு. யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. 10.30-க்குள் திரும்பிவிடுவோம். ஹெல்மெட், இரண்டு பாட்டில் தண்ணீர், சைக்கிளுக்கு ஏற்ற ஒரு டியூப், பணம், அடையாள அட்டை, முழு சார்ஜில் போன். வீட்டில் ஒருவருக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிடுங்கள்."

டியூப் வாங்கும்போது டயரின் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 28-622 என்று இருந்தால் அகலம் 28, ரிம் விட்டம் 622 மி.மீ. கடையில் 700சி என்பார்கள். ஒரே குழுவில் மூன்று அளவு சைக்கிள் வரும், அவசரத்தில் ஒருவருடையது இன்னொருவருக்கு உதவாது. பொதுவாக ஒரு பம்ப், மூன்று டயர் லீவர், ஒட்டுப் பொட்டலம், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, கொஞ்சம் பஞ்சு, பேண்டேஜ், டெட்டால் இவை ஸ்வீப்பின் பையில்.

இரவு சாப்பாடு வழக்கம்போல். சனிக்கிழமை என்று பத்து மணிக்கு பிரியாணி சாப்பிட்டால் காலையில் வயிறு கனக்கும். காலையில் வெறும் வயிற்றோடும் வராதீர்கள். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது இரண்டு வாழைப்பழம். காபி பழக்கம் இருந்தால் குடித்துவிடலாம்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

ஒவ்வொருவரும் தன் சைக்கிளை முன்பக்கம் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கட்டும். பிரேக் கட்டையில் உரசுகிறதா? முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஹேண்டிலில் தடதடப்பு இருந்தால் முறுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றப் பயன்படும் குயிக் ரிலீஸ் கைப்பிடி இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். வேலை முடிந்தது.

பிறகு சைகைகள். நால்வருக்கு நான்கு விதமாகத் தெரிந்திருக்கும் என்பதால் அன்றைய சைகை என்ன என்று அங்கேயே பேசிவிட வேண்டும். குழி வந்தால் அது இருக்கும் பக்கத்துக் கையால் கீழே சுட்டி "குழி!" வேகம் குறைக்க, உள்ளங்கை பின்பக்கம் தெரிய கையை இறக்கி "மெதுவா!" நிற்கும்போது கையை உயர்த்தி "நிக்கிறோம்!" பின்னால் வண்டி வந்தால் ஸ்வீப் "வண்டி, வண்டி!" என்று குரல் கொடுப்பார், அது ஒவ்வொருவராக முன்னால் போய்ச் சேர வேண்டும். கையை எடுக்கப் பயமாக இருக்கும் புதியவர் குரல் மட்டும் கொடுத்தால் போதும். இரண்டு கையும் ஹேண்டிலில் இருப்பது சைகையை விட முக்கியம்.

சாலையில்

ஒருவர் பின் ஒருவராக ஒற்றை வரிசையில், இடது பக்கம். பேசிக்கொண்டு ஜோடியாக ஓட்டும் ஆசையைப் பாகூர் வயல் சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் என்றால் ஓர மண்ணை ஒட்டி என்று அர்த்தமில்லை. தார் விளிம்பிலிருந்து இரண்டடியாவது உள்ளே ஓட்டுங்கள். விளிம்பில் மணலும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும். எல்லையை ஒட்டிய சாராயக் கடைகள் இருக்கும் பகுதியில் ஞாயிறு காலை பாட்டில் துண்டுகளை எதிர்பார்த்தே போக வேண்டும். மண்ணில் இறங்கினால் நெருஞ்சியும் கருவேல முள்ளும். உள்ளே ஓட்டினால் பின்னால் வருகிற ஓட்டுநருக்கும் உங்களைத் தெளிவாகத் தெரியும்.

முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி. உங்கள் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய் நிற்கவே கூடாது. அவர் ஒரு குழிக்காகச் சற்று விலகினால் இரண்டு சக்கரமும் உரசும், விழுவது பின்னால் இருப்பவர். அவரது பின்சக்கரத்தையே வெறித்துப் பார்க்காமல், தோளுக்கு மேலாகத் தூரத்தைப் பாருங்கள். சட்டென்று பிரேக் போட வேண்டாம். முதலில் பெடலை நிறுத்துங்கள், பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடியுங்கள்.

இந்தச் சாலையின் பெரிய ஆபத்து பேருந்து. லாரி உங்களைத் தாண்டிப் போய்விடும். பேருந்து உங்களைத் தாண்டி, அடுத்த நூறடியில் நிறுத்தத்துக்காக இடது பக்கம் வெட்டும். பேருந்து பக்கத்தில் வருகிறது, முன்னால் நாலு பேர் நிற்கிற நிழற்குடை தெரிகிறது என்றால் அது வெட்டப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெடலை நிறுத்தி அதன் பின்னால் தங்குங்கள். நின்ற பேருந்தின் இடது பக்கச் சந்தில் நுழையவே வேண்டாம். படியிலிருந்து இறங்குபவர் சைக்கிளை எதிர்பார்க்க மாட்டார். வலது பக்கம் தாண்டுவதாக இருந்தால் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு, லீட் கை காட்டிய பிறகு, எல்லோரும் ஒன்றாக. சந்தேகம் இருந்தால் பேருந்து கிளம்பும்வரை நில்லுங்கள். அரை நிமிடம்தான். அறுவடைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களும் கடலூர்ப் பக்கம் குறுக்கிடலாம். டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு முகத்து உயரத்தில் வரும், பக்கத்தில் போகாதீர்கள்.

பாலங்களில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, கான்கிரீட் துண்டுகள் சேரும் இணைப்பு இடுக்கு. இரும்புப் பட்டையும் அதன் ஓரத்தில் பெயர்ந்த தாருமாகக் குறுக்கே ஒரு கோடு தெரியும். அதை நேராகக் கடக்க வேண்டும். சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையை மடக்கித் தளர்வாக வைத்தால் அடி சைக்கிளோடு நின்றுவிடும், டியூபும் பிழைக்கும். இன்னொன்று பக்கக் காற்று. கட்டடமும் மரமும் இல்லாத தென்பெண்ணைப் பாலத்தில் அது திடீரென்று அடிக்கும். இடைவெளியை அங்கே இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

கியர் உள்ளவர்கள் கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 75, 80 சுற்று வருகிற மாதிரி மிதியுங்கள். தொடை எரிந்தால் கியர் கனம், மூச்சு மட்டும் வாங்கினால் வேகம் அதிகம். பாலத்தின் ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்குங்கள். ஏற்றத்தின் நடுவில் அழுத்தத்தோடு மாற்றினால் செயின் கழலும்.

தண்ணீர், நிறுத்தம்

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் குடித்தால் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் உள்ளே போகும். புதியவர்களுக்கு ஓட்டிக்கொண்டே குடிக்க வராது. அதனால் சுண்ணாம்பாறு, கிருமாம்பாக்கம், முள்ளோடை தாண்டி ஓரிடம் என்று மூன்று நிறுத்தம் வையுங்கள். இரண்டாவது பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். நம் ஊர் வியர்வைக்கு வெறும் தண்ணீர் போதாது. கையில் கடலை மிட்டாய் இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. பெண்கள் வருகிற குழு என்றால், சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க் எது என்று முந்தின வாரமே பார்த்து வைத்து நிறுத்தத்தை அங்கே வையுங்கள். இதை யோசிக்காமல் விடுவதால் தண்ணீர் குடிக்காமலே ஓட்டுபவர்கள் உண்டு. அதுவே மயக்கத்தில் கொண்டுவிடும்.

யாருக்காவது தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோவது என்று வந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. நிழலில் உட்கார வைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, 108-ஐ அழையுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பகுதியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன.

பஞ்சர் ஆனால்

எல்லோரும் சாலையை விட்டு முழுதாக இறங்கி நில்லுங்கள். வேலை செய்ய இரண்டு பேர் போதும். பின்சக்கரம் என்றால் முதலில் செயினைப் பின்னாலுள்ள மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கழற்றுங்கள், சுலபமாக வரும். மீதிக் காற்றை இறக்கி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரை நுழைத்து டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூபை உருவுங்கள்.

இதற்குப் பிறகு வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய டியூபில் கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் ஒரு சுற்றுத் தடவுங்கள். முள்முனையோ லாரி டயரிலிருந்து சிதறிய நூல் கம்பியோ இருந்தால் பஞ்சு மாட்டி நிற்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். அந்த முனையை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். பக்கம் பக்கமாக இரண்டு கீறல் இருந்தால் முள் அல்ல, காற்றுக் குறைவாக இருந்து குழியில் ரிம் கடித்தது.

புது டியூபில் உருண்டை வருகிற அளவு லேசாகக் காற்றடித்து, வால்வை நேராக நுழைத்து, டயரைக் கட்டை விரலால் உள்ளே தள்ளுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். லீவரால் நெம்பினால் டியூபைக் கிள்ளிவிடும். இரண்டு கை அடிப்பாகத்தாலும் உருட்டித் தள்ளினால் ஏறிவிடும். டியூப் எங்கும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்த பிறகு முழுக் காற்று. வீட்டில் ஒரு முறை இதைச் செய்து பழகியவருக்கு இருபது நிமிட வேலை.

சில்வர் பீச்சில்

மணலில் சைக்கிளை இறக்க வேண்டாம். உப்பு மணல் செயினுக்குள் போனால் திரும்பும் வழி முழுக்கக் கரகரக்கும். சிற்றுண்டியைக் கடற்கரைக்கு முன்பே மஞ்சக்குப்பத்தில் முடித்துவிடலாம். இட்லி, பொங்கல் அளவோடு. பூரி, வடை, ஐஸ் போட்ட ஜூஸ் இவை திரும்பும்போது வேலையைக் காட்டும். கடற்கரைக்குப் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள். 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியது. 1746-ல் மதராஸைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் சில வருடம் ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. 1758-ல் புதுச்சேரிப் பிரெஞ்சுப் படை இதைப் பிடித்தது. புதுச்சேரியிலிருந்து வருகிற எவருக்கும் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டிய இடம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள், கால் இறுகிவிடும்.

திரும்பும் வழி

தை, மாசியில் இங்கே வீசுவது பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. கடலூருக்குப் போகும்போது அது முதுகில் தள்ளும்; நமக்கு நன்றாக ஓட்ட வந்துவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். வெயிலும் ஏறியிருக்கும். போகும்போது மணிக்கு 18 கி.மீ.யில் ஓட்டியவர் திரும்பும்போது 14-ல் ஓட்டினால் அது இயல்பு. அதனால்தான் போகும் பாதியில் தெம்பை மிச்சம் வைக்கச் சொல்கிறேன்.

எதிர்க்காற்றில் வரிசை மாற வேண்டும். வலுவான இருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி முன்னால் போகட்டும். மற்றவர்கள் அவர்கள் மறைவில். இப்போது இடைவெளியை ஒரு சைக்கிள் நீளமாகக் குறைத்தால் பின்னால் வருபவருக்குக் காற்றின் பாரம் குறையும், ஆனால் நேராக ஓட்டப் பழகியவர் மட்டும் இப்படி நெருங்கலாம். முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்டக் கூடாது; தான் சிரமப்படுவதே போதும். ஸ்வீப்பின் கண் இப்போது கூர்மையாக இருக்க வேண்டும். தோள் இறங்கி, தலை தொங்கி, சைகைக்குப் பதில் சொல்லாமல் ஓட்டுபவர் களைத்துவிட்டார். அவர் கேட்க மாட்டார். நீங்களே நிறுத்துங்கள், தண்ணீரும் கடலை மிட்டாயும் கொடுத்துப் பத்து நிமிடம் நிழலில். அதற்கும் மேல் முடியவில்லை என்றால் யாராவது ஒருவர் அவரோடு மினி வேனில் ஏறட்டும். தனியாக அனுப்ப வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

எல்லோரும் வீடு சேர்ந்ததாகக் குழுவில் செய்தி போடும்வரை லீடின் வேலை முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையும் என்று நன்றாகச் சாப்பிடுங்கள். கடற்காற்றின் உப்பு இரும்பில் ஒட்டும். ஈரத் துணியால் சைக்கிளைத் துடைத்து, உலர்ந்த பிறகு செயினுக்குச் சில சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

மறுநாள் எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அரை செ.மீ. ஏற்றுங்கள், பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். உள்ளங்கை மரத்துப்போனால் உடம்பின் பாரம் கையில் விழுகிறது. சீட்டின் மூக்கு கீழே சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்து வலித்தால் ஹேண்டில் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கிறது. தொடைத் தசை வலி மட்டும் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டு நாளில் போய்விடும். இதைச் சரிசெய்து வாரம் இரண்டு முறை சுண்ணாம்பாறு வரை போய்வந்தால், அடுத்த மாதம் ஊசுட்டேரியோ, கொஞ்சம் ஏற்றம் பழக ஆரோவில் பக்கச் செம்மண் மேடோ போகலாம். அப்போதும் இரண்டாவது இடம் மெதுவாக ஓட்டுபவருக்கே.